வந்தவாசி அண்ணன் தம்பியும் என் லாகின் சர்வரும்

எங்கள் பட்டுப்புடவை ஆர்டர் தளத்துக்குள் கடைக்காரர்கள் கம்பெனி மெயிலைப் போட்டுத்தான் நுழைய வேண்டும். மெயிலில் @ குறிக்குப் பின்னால் வரும் டொமைனைப் பார்த்து, அந்தக் கடையின் குழுவுக்கு ஒதுக்கிய டிசைன்களை மட்டும் சர்வர் காட்டும்.

ஒரே ஊரில் ஒரு டிசைனை இரண்டு கடைக்குக் கொடுக்க மாட்டேன். ஆரணியில் என் பிழைப்பே அந்த வாக்கில்தான் நிற்கிறது.

வந்தவாசியில் ஒரு கடையை நடத்திய அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்துவிட்டார்கள். தம்பி அதே ஊரில் புதுப் பெயரில் கடை போட்டு, புது டொமைனும் வாங்கிவிட்டார். காலையில் போன் செய்தார்.

"முதலாளி, உள்ளயே போவ மாட்டேங்குது. கல்யாண சீசன், ஜல்தியா பாருங்க."

ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே என்று அவர் டொமைனையும் அண்ணன் இருக்கும் பழைய குழுவிலேயே சேர்த்துவிட்டேன்.

மதியம் அண்ணன் கூப்பிட்டார். "இன்னாங்க இது? எனக்கு ஒதுக்கின டிசைனை அவன் ஆர்டர் போட்டுகினு கீறான்! இனிமே உங்க சரக்கே வேணாங்க."

பதற்றத்தில் இருவரையும் பிரிக்கப் போய், அந்தக் குழுவையே அழித்துவிட்டேன். இப்போது இருவராலுமே உள்ளே போக முடியவில்லை.

சற்றுமுன் மறுபடி போன் வந்தது. ஸ்பீக்கரில் இரண்டு குரல்கள். பாகம் பிரிந்தபின் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம், என்னைத் திட்டியதுதான்.

சர்வர் தெரிந்தவர்களே, கொஞ்சம் சொல்லுங்கள். இவர்களுக்கு நான் ஒரு குழு போடவா, இரண்டு போடவா?