ஆர்லிஸ் கை வைத்த ஹீட்டர்

அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் ஊருக்கு வெளியே குளிர்காலம் முழுக்க, காரில் இழுத்துவரும் டிரெய்லர் வீடுகளாக நிற்கும். அங்கே யாருக்காவது வெந்நீர் வரவில்லையென்றால் ஆர்லிஸ் ஓஸ்ட்பியைத்தான் தேடிப் போவார்கள். வடக்கு டக்கோட்டாவில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கணவன் வேறொருத்தியோடு போனதும் வீட்டை விற்று டிரெய்லர் வாங்கிக்கொண்டு தெற்கே வந்துவிட்டாள்.

வந்த முதல் நாளே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஹீட்டர் சுவிட்சைப் போட்டாள். சில நிமிஷத்தில் உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பி கருகிப்போனது. பதினோரு நாள் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளித்தாள். அந்தப் பதினோரு நாளும் ஹீட்டரோடு வந்த கையேட்டை வரி விடாமல் படித்தாள். பன்னிரண்டாம் நாள் புதுக் கம்பியைத் தானே பொருத்தினாள். அதற்குப் பிறகு அவள் வேறு ஆளைக் கூப்பிட்டதே இல்லை.

அங்கேயே டிரெய்லர் போட்டிருந்த பர்ல் காட்லெட்டுக்கு அவளைக் கண்டால் இளக்காரம். எண்ணெய்க் கிணறுகளில் வெல்டராக இருந்தவர், ஆறடி ஆள். அந்த ஜனவரியில் அவர் டிரெய்லரில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அவர் மனைவி நோலாவுக்கு மூட்டுவாதம். காலையில் சுடுதண்ணீர் பட்டால்தான் விரல் மடங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குளிக்க வேண்டியிருக்கிறது என்று அவள் ஆர்லிஸிடம் சொல்லி அழாத குறை.

ஆர்லிஸ் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது பர்ல் ஏற்கெனவே ஹீட்டரின் வெளிப்பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, தொட்டியின் அடி மூடியில் ஸ்பேனரை மாட்டியிருந்தார்.

"பஸ் ஓட்டுனவங்க வந்து பாக்குற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

ஆர்லிஸ் தொட்டியின் முகப்புத் தகட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. அவர் கைமேல் தன் கையை வைத்து ஸ்பேனரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடுங்க."

"எடுக்கறேன். அதுக்கு முன்னாடி நீங்க ரெண்டடி பின்னால போங்க."

அந்தக் குரலில் அறுபது பிள்ளைகளை உட்காரவைத்த அதிகாரம் இருந்தது. பர்ல் நகர்ந்தார். அவள் தண்ணீரையும் எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்தினாள். தடித்த கையுறை போட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, மேலேயிருந்த அழுத்த வால்வின் கைப்பிடியைத் தூக்கினாள். சீறிக்கொண்டு ஆவியும் கொதிநீரும் பாய்ந்தன. சற்றுமுன் அவர் குனிந்திருந்த இடத்தில் மண் குழிந்து புகைந்தது.

பர்ல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நோலா குழிந்த மண்ணைக் காட்டினாள்.

"மூஞ்சி வெந்திருக்கும் பர்ல்."

இரண்டு மணி நேரம் ஆறவிட்டார்கள். அதுவரை ஆர்லிஸ் அவரை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. காபி கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு மூடியைக் கழற்றியதும் தண்ணீரோடு அதே நாற்றமடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்புத் துண்டுகள் கொட்டின. மூடியோடு சேர்ந்தே வரும் மக்னீசியக் கம்பி, தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தான் கரைந்துபோவது, விரல் தடிமன் இருக்க வேண்டியது, எலும்பும் தோலுமாக வந்தது. வருஷக்கணக்கில் யாரும் அதைத் தொட்டதில்லை. டிரெய்லரை வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது என்று பர்ல் முணுமுணுத்தார்.

"உங்க தப்பு இல்ல. முன்னாடி வெச்சிருந்தவன் பாத்திருக்கணும்," என்றாள்.

வினிகர் ஊற்றி ஊறவைத்து, தொட்டிக்குள் குழாய் விட்டு நீர் தெளிகிற வரை அலசினாள். புது மக்னீசியக் கம்பியின் மரையில் கசியாமலிருக்க வெள்ளை டேப் சுற்றி அதைப் பர்லிடமே கொடுத்து முறுக்கச் சொன்னாள். தொட்டி நிரம்பி, வெந்நீர்க் குழாயில் காற்றுத் துப்புவது நின்று தண்ணீர் சீராக விழுந்த பிறகுதான் பற்றவைக்க விட்டாள்.

மறுநாள் காலை நோலா மூக்கைப் பிடிக்காமல் கால் மணி நேரம் குளித்தாள். தொட்டியில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. பர்ல் பச்சைத்தண்ணீரில் நடுங்கிக்கொண்டு குளித்துவிட்டு, நேரே ஆர்லிஸின் டிரெய்லருக்குப் போனார். தலையைச் சொறிந்தபடி வாசலில் நின்றார்.

"நேத்து ஒங்கள மட்டமா பேசிட்டேன்."

"முப்பத்தொரு வருஷம் பஸ்ஸுல கேட்டிருக்கேன், இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. உள்ள வாங்க, அப்பம் சுட்டிருக்கேன்."

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பதினேழு டிரெய்லர்களின் ஹீட்டரை ஆர்லிஸ் சுத்தம் செய்தாள். அதில் பாதிக்குமேல் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனது பர்ல்தான்.