மூன்றாம் பருவத்தின் வெற்றுப் பக்கம்

உயிரைத் தந்தவனும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டவனுமாகிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

எங்கள் மூத்த சகோதரர், எங்கள் காக்கா, எங்களைப் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரிடம் கணிதம் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், மருமக்கள் கவிதை எழுதியிருக்கிறார்கள். வாழ்க்கைக் குறிப்பைத் தம்பி நான்தான் எழுத வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார். கல்முனை பஸாரில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன் நான். ஆணி, கம்பி, பெயின்ற் வாளி என்றால் எனக்குக் கை ஓடும். இதற்கு ஓடவில்லை. பொறுமையும் எனக்குக் குறைவு. வாசிக்கும்போது எங்காவது கோபம் தெரிந்தால், அது என் மேல் எனக்குள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காக்கா அவர்கள் கல்முனையில் எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். வாப்பா சவளக்கடை வயற்கண்டத்தில் வேளாண்மை செய்தார். காக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோதே வாப்பா மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு அவர் படித்ததும், ஆசிரியரானதும், இரண்டு தங்கைகளுக்கும் வீடு கட்டிக் கல்யாணம் செய்து கொடுத்ததும் எங்கள் ஊரில் எல்லா மூத்த ஆண்பிள்ளைகளும் செய்வதுதான். ஆனால் அவர் முகம் சுளிக்காமல் செய்தார். இரண்டாவது வீட்டுக்குக் கூரை போட்ட பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அப்போது அவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. நான் கேலி செய்வேன், அவர் சிரிப்பார்.

இனி, உறவினர்களில் பாதிப் பேருக்கு விளங்காத விஷயத்துக்கு வருகிறேன். பேஸ்போல்.

ஜப்பானிலிருந்து தொண்டராக வந்த ஓர் இளைஞர் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இந்த விளையாட்டைப் பழக்கினார். ஒரு சாக்கு நிறையக் கையுறைகளும் நாலைந்து மட்டைகளும் கொண்டுவந்தார். இரண்டு வருடத்தில் அவர் ஊருக்குத் திரும்பவேண்டி வந்தபோது, போட்டிகளைப் புத்தகத்தில் பதிய ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறியீடு, ஒவ்வொரு வீரருக்கும் ஓர் இலக்கம். விளையாட்டு ஆசிரியர்கள் தலையைச் சொறிந்தார்கள். கணித ஆசிரியரான காக்கா ஒரே பின்னேரத்தில் விளங்கிக்கொண்டார். ஒருநாள்கூடப் பந்தைக் கையால் தொடாத மனிதர், கரையோரத்தில் இரண்டும் வயற்பக்கத்தில் இரண்டுமாக நாலு கல்லூரிகள் ஆடிய சுற்றுக்குச் செயலாளரானது இப்படித்தான்.

முதற் பருவத்தில் கையுறைகள் ஒன்பதே மிஞ்சியிருந்தன. ஓர் அணி களத்திலிருந்து வெளியேறும்போது கையுறைகளைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டுப் போகும், மற்ற அணி வந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும். இரண்டாம் பருவத்தில் மாரி முந்திவிட்டது. மைதானத்தில் விரால் பிடித்தார்கள். தண்ணீர் வற்றிய பிறகு வயற்பக்கத்தில் ஆடிய போட்டியொன்று, சாமி ஊர்வலம் வீதியால் போய் முடியும்வரை இரண்டு மணித்தியாலம் நின்றது. காக்கா அதையும் புத்தகத்தில் எழுதினார்: ஆட்டம் நிறுத்தம், காரணம் அம்மன்.

எங்கள் கரைப்பக்கத்தில் ஆட்டத்தை நிறுத்துவது அஸர் பாங்கு, பின்னேரத் தொழுகைக்கான அழைப்பு. அதற்கு ஒரு விதியை ஆக்கியவரே காக்காதான். பாங்கு தொடங்கினால் பந்து செல்லாது, முடியும்வரை எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் பள்ளிவாசல்கள் பல, ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் பாங்கு சொல்லும். ஆகவே மைதானத்தின் கிழக்கெல்லையிலுள்ள பள்ளியின் பாங்கு மட்டும் கணக்கு என்று முடிவானது. அந்தப் பள்ளியின் மதிலோரம் காக்காவின் மேசை. பாங்கின் முதல் சத்தம் கேட்டதும் அவர் பென்சிலை வைத்துவிட்டு வலக் கையைத் தூக்குவார். கை உயர்ந்தால் ஆட்டம் நின்றது. நடுவர்கூட அந்தக் கையைத்தான் பார்ப்பார்.

மூன்றாம் பருவத்தின் இறுதிப் போட்டி எங்கள் கல்லூரிக்கும் வயற்பக்கக் கல்லூரியொன்றுக்கும் நடந்தது. நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். கடைசிச் சுற்று, நாங்கள் ஓர் ஓட்டம் பின்னுக்கு, களத்தில் எங்கள் ஓட்டக்காரர் இருவர், இன்னும் ஓர் ஆள் ஆட்டமிழந்தால் முடிந்தது. எங்கள் பையன் அடித்த பந்து மேலே போய் மதிலோரத்தை நோக்கி இறங்கியது. அங்கே நின்றவர் வீரமுனையைச் சேர்ந்த யோகன். சும்மா கையை நீட்டினால் பிடித்துவிடக்கூடிய பந்து. அவர் கையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். பந்து அவர் பின்னால் விழுந்தது. எங்கள் இருவரும் ஓடி முடித்தார்கள், கிண்ணம் எங்களுக்கு.

யோகன் தலையில் அடித்துக்கொண்டு, பாங்கு கேட்டது, பாங்கு கேட்டது என்றார். அன்று மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசியது. மேற்குப் பக்கம் நின்ற எங்களுக்கெல்லாம் கத்தலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. கத்தல் அடங்கிப் பாங்கு காதில் விழுந்தபோது, அது பந்து விழுந்த பிறகு தொடங்கியது என்றே நினைத்தோம். நடுவர் மேசைக்குப் போய்க் கேட்டார், கை தூக்கினீங்களா சேர் என்று. காக்கா இல்லையென்று தலையாட்டினார். யோகனின் இலக்கத்துக்கு நேரே பிழை என்று பதிந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் விட்டார்களா? எங்கட பாங்கையே சாட்டுச் சொல்றானே என்று சிரித்தார்கள். பந்து விட்ட யோகன் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரை முதலில் கத்தியவர்களில் நானும் ஒருவன். அடுத்த பருவத்துக்கு அவர் ஆட வரவில்லை.

ஐந்தாம் பருவம் முடிந்த வருடம் கடல் வந்தது. எங்கள் உம்மாவைக் கொண்டுபோனது. காக்காவின் வீட்டு அலுமாரியையும் அதற்குள்ளிருந்த ஐந்து புத்தகங்களையும் கொண்டுபோனது. முகாமில் இருந்துகொண்டே காக்கா ஒரு கொப்பி வாங்கினார். சைக்கிளில் வீடு வீடாகப் போய், ஆடியவர்களைக் கேட்டுக் கேட்டுப் பருவம் பருவமாகத் திரும்ப எழுதினார். எனக்கு ஆத்திரம் வந்தது. உம்மாவை அடக்கிய கபுறு எது என்று தெரியாமல் நாங்கள் அலைகிறோம், இந்த மனிதர் எவன் எந்தப் பந்தை அடித்தான் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டும்விட்டேன். அவர் கொப்பியை மடித்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், உயிர் போன வீரர்கள் பதினொரு பேரின் பெயர்களை அவர் எழுதியிருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

அந்தக் கொப்பிதான் இன்று இந்தச் சுற்றுக்குள்ள ஒரே வரலாறு. ஆறாம் பருவம் இரண்டு வருடம் கழித்துத் தொடங்கியதும், கல்லூரிகள் ஏழாகப் பெருகியதும், கையுறை இல்லாமல் ஒருவர் விரல் முறிந்ததும், கொரோனா வருடமும் அதில் இருக்கின்றன. கொரோனா வருடத்துக்கு ஒரே வரி: ஆட்டம் இல்லை, எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெற்றாக இருந்தது. மூன்றாம் பருவம், இறுதிப் போட்டி. கண்டவர்கள் இத்தனை பேர் இருக்க ஏன் எழுதவில்லை என்று கேட்டால், அது பிறகு என்பார்.

மக்காவுக்கு உம்றாப் பயணம் போக நிய்யத்து வைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புறப்படுமுன் செய்த பிழைகளுக்கு எல்லோரிடமும் மாப்புக் கேட்பது நம் வழக்கம். சொந்தக்காரர், அயலவர், பழைய மாணவர் என்று எல்லார் வீட்டுக்கும் என் வேனில்தான் போனோம். கடைசியில், வீரமுனைக்குப் போவோம் என்றார். அங்கே யார் என்று கேட்டேன். வேனுக்குள் இருந்தபடியே, முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“பாங்கு சொன்னதுதான்டா தம்பி. நான் பென்சிலை வெச்சிட்டன். கையும் பாதி எழும்பிட்டு. பந்து அந்தப் புள்ளைக்கிட்டப் போறதைக் கண்டன், கையைக் கீழ இறக்கிட்டன்.”

நான் வேனை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். வாழ்நாளில் ஒரு மாணவனுக்கு அரைப் புள்ளிகூடக் கூட்டிப் போடாத மனிதர் என்று இவரைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான்.

யோகன் வீட்டில் இல்லை. வேளாண்மை வெட்டும் மெசின் ஓட்டுகிறார், சவளக்கடைப் பக்கம் வெட்டு நடக்கிறது என்றார்கள். அங்கே போனோம். அவர் மெசினை நிறுத்தி இறங்கி வந்தார். நாற்பது கடந்த ஆள், தலைப்பாகையெல்லாம் பதர். வரம்பில் நின்றபடியே காக்கா எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் ஒளிக்கவில்லை. முடிவில் இரண்டு கையையும் பிடித்து மாப்புக் கேட்டார். யோகன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“நான் மன்னிக்கிறது லேசு சேர். என்ட மகனையும் பந்து விட்டவன்ட மகன் எண்டுதான் கூப்பிடுறாங்க. எனக்குச் சொன்னதை அவங்களுக்குச் சொல்லுங்க, அது போதும்.”

காக்கா ஓம் என்றார். உம்றா முடித்து வந்ததும் அந்தப் பருவத்தின் பரிசளிப்பு விழா இருக்கிறது, அங்கே எல்லாக் கல்லூரிகளும் வரும், மேடையில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

உம்றாவை நல்லபடி முடித்து வந்தார். விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, விடியச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்த இடத்திலேயே விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்கச் செயலற்றுப் போனது, பேச்சும் நின்றுவிட்டது. அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை. இடக் கையைப் பாதி தூக்குவார், பிறகு கீழே போடுவார். மதினி தண்ணீர் கொண்டுவருவார். பிள்ளைகள் தலையணையை மாற்றுவார்கள். டொக்டரும் வந்து பார்த்துவிட்டு, வலி இருக்கும் என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

விழாவன்று புறப்படுமுன் அவரிடம் போனேன். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் சொல்றன் காக்கா என்றேன். கண்ணை மூடித் திறந்தார்.

மண்டபத்தில் மூன்றாம் பருவத்துக் கிண்ணத்தை வென்ற எங்கள் பழைய அணியை முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். ஒரே நிறத்தில் ரீசேட், தொப்பை தள்ளிய பழைய வீரர்கள். அவர்களில் இருவர் எங்கள் சொந்தம். ஒருவர் என் சம்மந்தி. காக்காவுக்காக மேடையில் துஆக் கேட்டார்கள். பிறகு, குடும்பத்தின் சார்பில் தம்பி இரண்டு வார்த்தை பேசுவார் என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் ஏறினேன். மைக்கைப் பிடித்தேன். காக்காவுக்காகத் துஆச் செய்த எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன் என்று நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கோழை என்று யாராவது சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபோது காக்கா கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கை எழும்பியது.

“சொல்லிட்டன் காக்கா” என்றேன்.

கை மெதுவாகக் கட்டிலில் இறங்கியது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கையைத் தூக்கவேயில்லை. நாலாம் நாள், மதினி யாஸீன் ஓதிக்கொண்டிருக்க, ஒரு சத்தமுமில்லாமல் போனார். எவ்வளவு அமைதியான மௌத்து என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அமைதியை என்ன பொய் சொல்லி வாங்கினேன் என்று எனக்குத்தானே தெரியும்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் வாரிசுகளில் ஒருவர் நின்று, மையித்திடம் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் கேளுங்கள், மனம் நோகும்படி நடந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அதையும் நான்தான் சொன்னேன். சொல்லும்போது தலையை நிமிர்த்தினால், பள்ளி வாசல் படிக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு யோகன் நிற்கிறார். விழாவில் என்ன நடந்தது என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். தொழுகை வரிசை ஒவ்வொரு ஸஃப்பும் நிறைய ஆட்கள், வாய் திறந்துதான் இருந்தது. தொழுகையைத் தொடங்கச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

அடக்கம் செய்யும் மையவாடிவரை அவரும் வந்தார். எல்லாம் முடிந்து போகும்போது, சேர் நல்ல மனிசன் என்று மட்டும் சொல்லி என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால் இந்த ஒரு வருடமும் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

காக்கா நோயுற்றிருந்தபோது பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கட்டிலைத் தூக்கியிறக்கிய அயலவர்களுக்கும், சந்தூக்குப் பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும், முழு நாளும் சோறாக்கிக் கொடுத்த அக்கா முறையான பின்வீட்டுத் தாத்தாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. யோகனுக்கு நன்றி சொல்ல எனக்கு அருகதை இல்லை. அவரிடம் காக்காவின் சார்பிலும் என் சார்பிலும் மாப்புக் கேட்கிறேன். அவர் தராவிட்டாலும் நியாயம்தான்.

என் சம்மந்தி இதை வாசித்துவிட்டு என்னோடு கதைக்காமல் விடலாம். கிண்ணம் கல்லூரியின் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று கல்லூரி தீர்மானிக்கட்டும். கொப்பியின் வெற்றுப் பக்கத்தை மதினியின் சம்மதத்தோடு நான் நிரப்பியிருக்கிறேன். என் கையெழுத்து காக்காவுடையதைப்போல அழகில்லை. அதில் உள்ளது இவ்வளவுதான்:

மூன்றாம் பருவம், இறுதிப் போட்டி. கடைசிப் பந்து மேலே போனபோது பள்ளியில் அஸர் பாங்கு தொடங்கியிருந்தது. அதைக் கேட்டு விதிப்படி நின்றவர் வீரமுனை யோகன். அவர் பெயருக்கு நேரே பிழை இல்லை. பிழை, பதிந்தவருடையது.

இந்த மலர் ஐந்நூறு வீடுகளுக்குப் போகிறது. அதில் முதலாவதை வீரமுனைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.

காக்கா, இப்பதான் சொன்னன்.