நடுவில் மட்டும் சேறு

எங்கள் ஊருக்குள் பஸ் வராது. திருச்சுழி ரோட்டில் போய்த்தான் ஏற வேண்டும், அதற்குக் கண்மாய்க் கரை மேல் நடக்க வேண்டும். வண்டி போகிற பாதை ஒன்று உண்டு. அது கண்மாயைச் சுற்றிக்கொண்டு போகும்; அதில் நடந்தால் பஸ் போய்விடும். அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நானும் மதினியும் வேலை பார்க்கிறோம். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா, உள்ளூரிலேயே வாக்கப்பட்டவர்.

வெயில் காலத்தில் கரையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் செருப்பை விடாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, கருவேல முள் பார்த்து நடப்போம். கடைக்குப் போனதும் குழாயடியில் கால் தேய்த்துக் கழுவ வேண்டும். பட்டுச்சேலைப் பிரிவில் அந்தக் காலோடு நிற்க முடியுமா? கழுவி முடிப்பதற்குள் மேலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிடுவார்.

கிராமசபையில் பாதை கேட்டோம். ஒன்றியத்திலிருந்து வந்திருந்த ஓவர்சியர் தன்மையாகத்தான் பேசினார். “கண்மாய்க் கரை எங்களுக்குப் பாத்தியப்பட்டது இல்லம்மா. தண்ணி ஆபீசுல கேளுங்க.” லீவு போட்டு, கண்மாய்களைப் பார்த்துக்கொள்கிற தண்ணி ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர், “கரை தண்ணியத் தேக்குறதுக்கு. பாதை போடுறது ஒன்றியத்து வேலை,” என்றார். மறுபடியும் ஒன்றியம். மறுபடியும் அதே பதில். திரும்பி வரும்போது மதினி பஸ்ஸில் டிக்கெட் போகக் கையில் மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்தார். இறங்கியதும், “ஒரு நாள் சம்பளமும் போச்சு,” என்றார்.

பிறகு ஒரு நாள் லாரியில் கல் வந்து இறங்கியது. நடைபாதைக்கு நிதி வந்திருக்கிறது என்று வார்டு உறுப்பினர் வீடு வீடாகச் சொன்னார். எங்களுக்குச் சந்தோஷம்தான். கோயில் வாசலில் ஆரம்பித்து, சிமெண்டுக் கல்லை அழகாகப் பதித்துக்கொண்டே போனார்கள். கரை ஏறுகிற இடத்தில் நிறுத்தினார்கள். அடுத்து, கரை இறங்குகிற இடத்திலிருந்து ரோடு வரைக்கும் பதித்தார்கள். இரண்டு முனையிலும் பெயர்ப்பலகை வந்தது. கரையில் ஒரு கூடை மண்கூட விழவில்லை.

வேலை முடிந்ததைப் போட்டோ எடுக்க ஓவர்சியர் வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் நல்ல மழை. ஊர்ப்பக்கத்துப் பாதையை எடுத்து முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் போனார்.

“அந்தப் பக்கமும் எடுக்கணும்ல சார்?” என்று மதினி கேட்டார்.

“ஆமாம்மா, சுத்திப் போறேன்.”

“எதுக்குச் சுத்துறீக? நடந்தே வாங்க. நாங்க தெனமும் இப்படித்தான் போறோம்.”

நாலைந்து பெண்கள் கூடிவிட்டோம். அவரால் மறுக்க முடியவில்லை. பாதிக் கரை போவதற்குள் ஒரு ஷூ சேற்றிலேயே நின்றுவிட்டது. வெறும் காலைத் தூக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்தார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

அந்த முனைக்குப் போய்க் கல்லின் மேல் உட்கார்ந்து ஷூவைக் குச்சியால் சுரண்டினார். “எனக்குத் தெரியாதாம்மா? கரையையும் சேத்துத்தான் எழுதினேன். மேல அதை அடிச்சிட்டாங்க,” என்றார். குச்சியைப் போட்டுவிட்டு அவரே சொன்னார்: “பாதைன்னு கேட்டா நடக்காது. மழைக்காலத்துல கரையப் பார்வையிட ஆபீசருங்க வரணும், அதுக்கு ஆய்வுப் பாதை வேணும்னு தண்ணி ஆபீசுல கேளுங்க.”

“நாங்க நடக்குறதுக்குத் தர மாட்டாக. அவுக வருசத்துல ஒரு தடவ வந்து பாக்குறதுக்குன்னா தருவாகளா?” என்றார் மதினி.

ஓவர்சியர் ஷூவை மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்க எழுந்தார்.

அப்படியே கேட்டோம். ஆபீசர் கால் நனையக் கூடாது என்று நாங்கள் கெஞ்ச வேண்டியதாயிற்று. அதை வாயால் சொல்லும்போது எனக்குக் கூசியது. மதினி ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னார். அடுத்த கோடையில் கரையைப் பலப்படுத்தி, மேலே சரள் மண் அடித்தார்கள். ரோலர் ஓடிய அன்று மதினி கடைக்கு வராமல் கரையிலேயே நின்று, எங்கும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார்.

போன மழையில் செருப்பு போட்டுக்கொண்டே நடந்தோம். ஆய்வு செய்ய இதுவரைக்கும் எந்த ஆபீசரும் வரவில்லை. ஓவர்சியரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று ஒன்றியத்துக்குப் போனோம். அவர் காரியாபட்டிப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டாராம்.