மீன்கடையில் ஒரு மெய்யியலாளர்

பலெர்மோவில் எனக்குத் தெரிந்த ஒரே மெய்யியலாளர், கபோச் சந்தையின் மீன்கடையொன்றில் ஐஸ் பெட்டி சுமந்தார். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. தொண்ணூறுகளில் மன்னாரிலிருந்து வந்து எங்களோடுதான் இருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னது. ஒருநாள் முதலாளி தண்ணீர் சொட்டச் சொட்ட மீனை நிறுத்துக்கொண்டிருக்க, "இதில் மீன் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?" என்று மாமா தன் அரைகுறை இத்தாலியனில் வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார். வில்லங்கத்துக்குக் கேட்கவில்லை, அறியும் ஆசைதான். முதலாளி மீன் சுற்றும் தாளால் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டி, வந்துவிட்டாரப்பா ஃபிலோசொஃபோ, பெரிய மெய்யியலாளர் என்றார். சந்தையே சிரித்தது. அன்றிலிருந்து பெட்டியைத் தவறவிட்டால் ஃபிலோசொஃபோ, பிந்தி வந்தால் ஃபிலோசொஃபோ.

நானோ அதைப் பரிகாசமென்று எடுக்கவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் தாடி வைத்த கல்முகம் ஒன்றைக் காட்டி, இவர் ஃபிலோசொஃபோ, உலகத்தைப் பற்றி யோசித்தவர் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். இப்போதும் அப்படி ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். இருந்தால் பல்கலைக்கழகத்தில் இருப்பார்கள் என்றார். பாவம், அவர் கபோவில் மீன் வாங்குவதில்லை போலும். சந்தையில் யாராவது மாமாவை அப்படிக் கூப்பிட்டால், நான் அம்மாவின் கையை விட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அந்த ஆண்டு அவருக்கு ஊரில் சம்பந்தம் பேசினார்கள். பெண்ணின் படத்தை மாமா செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். அந்தப் புத்தகத்தை அவர் அத்தனை பக்தியோடு திறந்ததை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை.

ஜெர்மனியிலிருந்த பெண்ணின் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வந்தார். மாமா புதுச் சப்பாத்து வாங்கி, மீன் மணம் போக விடியற்காலையிலிருந்தே கையில் தேசிக்காய் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தார்.

"தம்பிக்கு என்ன வேலை?" என்று வந்தவர் கேட்டார்.

"மீன் வியாபாரத்தில நிக்கிறான்," என்று அம்மா மழுப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா ஃபிலோசொஃபோ! சந்தையில எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுகினம்!"

"என்ன, மெய்யியல் படிச்சவரோ?" வந்தவரின் கை புட்டிலேயே நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கரைக் கேட்டால், மெய்யியல் படிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: குருமடம். படித்தவர் கல்யாணம் கட்டாமல் பாதிரிச் சாமியாக வேண்டும். ஆகவில்லையென்றால் அவர் இடையில் ஓடிவந்தவர்.

"குருமடத்தில இருந்தனீரோ, தம்பி?"

"இல்லை ஐயா. ஒருநாளும் இல்லை."

"படிக்காத ஆளை ஏன் அப்பிடிக் கூப்பிடுகினம்? அப்ப, பிள்ளை பொய் சொல்லுதோ?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அவருடைய கதிரையைப் பிடித்தபடி, ஏதோ நானே அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததுபோலச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"இல்லை. அவள் சொல்லுறது உண்மைதான்," என்றார். "அப்பிடித்தான் கூப்பிடுகினம்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா கண்ணால் மறித்தார்.

வந்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். "கடவுளுக்குக் குடுத்த வாக்கை விட்டிட்டு வந்த ஆள், எங்கட பிள்ளைக்குக் குடுக்கிற வாக்கைக் காப்பாத்துவாரோ?" என்று வாசலில் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா புதுச் சப்பாத்தைக் கழற்றினார். பிறகு, திருப்பி அனுப்புவதற்காக அந்தப் படத்தைச் செபப் புத்தகத்திலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். தேசிக்காய் தேய்த்துச் சிவந்துபோன அவருடைய கையைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமேடா!" அம்மா வெடித்தார். "ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தனீ?"

"பிள்ளை பக்கத்தில நிண்டவளெல்லோ, அக்கா," என்றார் மாமா.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஏச்சு விழுமென்று காத்திருந்தேன், விழவில்லை. நான் இடைஞ்சலாக நின்றுவிட்டேன் போலும் என்று நினைத்து, சுவரோடு ஒதுங்கி நின்றுகொண்டேன்.