பெயர் வைக்கும் வீடு

காலையிலிருந்தே ராசாங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீன்சுருட்டியில் மறைந்த தலைவர் பஞ்சநாதனின் வீட்டை நினைவு இல்லமாக்கிய நாள் முதல் அதன் காவலாளி அவர்தான். இன்று தலைவரின் பிறந்தநாள். மாலை போட அமைச்சர் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இந்த நேரம் பார்த்து ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். மகள் பரிமளாவுக்கு ஆண் குழந்தை!

வேறொருவர் என்றால் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருப்பார். இவர் மகளிடம் சொன்னது இதுதான்: "பேரு மட்டும் வச்சுடாதம்மா. அமைச்சர் வாயால ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்துடறேன்." மகள் பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

வைக்காமல் என்ன செய்வாள்? கட்சிக்காரர் வீட்டுக் குழந்தை என்றால் தலைவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் பிறந்தவள். அப்போது தலைவர் டெல்லியில் இருந்தார், அப்புறம் தேர்தல், அப்புறம் உடம்புக்கு முடியவில்லை. நடக்க ஆரம்பித்த பிறகும் பிள்ளைக்குப் பெயர் 'பாப்பா'தான். மனைவி சண்டை போட்டுப் பார்த்தாள், ராசாங்கம் அசைந்து கொடுக்கவில்லை. ஒருவழியாக இதே கூடத்தில், இதே கட்டிலில் படுத்தபடி தலைவர் பெயர் வைத்தார். அன்று வரிசையில் வந்த பெண் குழந்தைகள் எல்லாருக்கும் பரிமளா! வகுப்பில் டீச்சர் கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். மகளுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அப்பாவுக்கோ அதுவும் பெருமை. இந்த மனுஷனை என்ன சொல்ல!

வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். தலைவரின் கட்டிலைச் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தார், இழுத்துக் கட்டினார், மறுபடி அவிழ்த்தார். மூக்குக்கண்ணாடி இருந்த கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்த ஒரு குடும்பத்தின் மேல் எரிந்து விழுந்தார். பேரன் முகத்தைப் பார்க்காமல் மனசு கிடந்து தவித்தது. போய்விடலாம் என்று செருப்பை மாட்டுவார். ரோட்டில் கார் சத்தம் கேட்டதும் கழற்றிவிடுவார்.

அமைச்சர் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மாலை போட்டார், போட்டோ எடுத்தார்கள், கிளம்பிவிட்டார். ராசாங்கம் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போனார்.

"ஐயா, பேரன் பொறந்திருக்கான்ங்க. நீங்க ஒரு பேரு..."

"தலைவர் பேரையே வைங்க."

முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டு அமைச்சர் காரில் ஏறிக்கொண்டார். ராசாங்கத்துக்கு அது போதும். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் 'பஞ்சநாதன், பஞ்சநாதன்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார்.

பரிமளா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவளே முந்திக்கொண்டாள்.

"பேரு வச்சாச்சுப்பா. முகிலன். பொறந்த ஒடனே காதுல சொல்லிட்டேன். எம்புள்ள யாருக்காகவும் காத்துக் கெடக்க வேணாம்."

ராசாங்கத்துக்குச் சுருக்கென்றது. கோபம் வரும் என்றுதான் நினைத்தார், வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"அமைச்சர் என்ன பேரு சொன்னாரு?" என்று கேட்டாள்.

"எங்கம்மா, அந்தக் கூட்டத்துல கிட்டவே போக முடியல" என்று சொல்லிவிட்டு, கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார்.

"முகிலா... தாத்தாடா."