கழுவின கறி

கண்ணாடிக் கடையில் அவருக்குப் பெயர் சோப்பு. பெற்றவர்கள் வைத்த பெயரை முதலாளியே மறந்து பல காலம் ஆகிவிட்டது. கல்லாப்பெட்டியைத் தொட்டால் கை கழுவுவார். வாடிக்கையாளர் யாராவது அன்பு மிகுதியில் கை குலுக்கிவிட்டால், அந்த ஆள் படி இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்க் கழுவுவார். முகத்துக்கு நேரே கழுவாததுதான் அவருடைய நாகரிகம்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பார்க்கிற வேலை அப்படி. ஊரார் மூக்கிலிருந்து இறங்குகிற கண்ணாடியெல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். மூக்கில் பதியும் சின்ன மெத்தைகளுக்கு அடியில் பச்சை பூத்த அழுக்கு, காதில் மாட்டும் கொக்கியில் காய்ந்துபோன வியர்வை, ஃபிரேம் இடுக்கில் பொடுகு. சென்ட் மணக்க வருகிறவர்களுடைய கண்ணாடியில்தான் அதிகம் இருக்கும் என்பது அவர் அனுபவம். மூச்சை அடக்கிக்கொண்டு ஊசி முனையால் சுரண்டி எடுப்பார். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் போதும், அது கீறலா, விரல் ரேகையா, எண்ணெய்ப் பிசுக்கா என்று சொல்லிவிடுவார்.

“மூஞ்சியிலேருந்து இவ்வளவு எண்ணெய் வடியுதுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் கல்யாணம் பண்ணிக்க மாட்டான்” என்பார். அவரும் பண்ணிக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அக்கா வந்து சேர்ந்தாள். புருஷன் போனபிறகு, பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் கூடை. கூடைக்குள் ஒரு பூனை.

“இது எதுக்குக்கா?”

“அப்ப நான் எதுக்குடா? என்னையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிடு.”

பேச்சு அதோடு முடிந்தது. பூனைக்குக் குட்டிம்மா என்று பெயர். அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. “அது” என்பார்.

அது வாலைத் தூக்கிக்கொண்டு, காட்டக்கூடாததைக் காட்டிக்கொண்டு அவர் முன்னால் நடக்கும். காலை விரித்து உட்கார்ந்து பின்பக்கத்தை நக்கும். நக்கி முடித்த கையோடு ஓடிப்போய் அக்காவின் கன்னத்தை நக்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவர் எழுந்துபோய்த் தன் கன்னத்தைக் கழுவிக்கொள்வார். சட்டைக் காலரில் முடி, பல் துலக்கும் பிரஷ்ஷில் முடி. ஒருநாள் மேல்வாயில் ஏதோ ஒட்டுகிறதே என்று விரலை விட்டு இழுத்தால், இழுக்க இழுக்க வந்தது.

சாப்பாட்டு நேரம் இன்னும் மோசம். அக்கா தட்டுக்குப் பக்கத்திலேயே மேசைமேல் அது உட்கார்ந்துகொள்ளும். குழம்பிலிருந்து கறியை எடுத்து, எலும்பைத் தன் பல்லால் கடித்து நீக்கி, அதன் வாயில் வைப்பாள். ஒரே தடவைதான் அவர் பார்த்தார், அதுவும் பல்லால் கடிக்கிறவரைதான். அதன்பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். குரல் மட்டும் காதில் விழும்.

“காரமெல்லாம் போயிடுச்சு. தின்னுடி என் தங்கம்.”

இதற்கிடையில் வீட்டுத் தண்ணீரில் ஏதோ கோளாறு. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் மேலே மெலிசாக, வானவில் நிறத்தில் ஒரு படலம். எண்ணெய். மற்றவர் கண்ணுக்குத் தெரியாது, அவருக்குத் தப்புமா? குழாயைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர்ப் பானையைத் தேய்த்துத் தேய்த்துக் கை தோல் உரிந்தது. தொட்டியில் எலி செத்துக் கிடக்கிறதோ என்று ஏணி வைத்து ஏறியும் பார்த்துவிட்டார். படலம் போகவில்லை.

அந்த எரிச்சலில்தான் ஒருநாள் அது செருப்புமேல் படுத்திருந்ததைப் பார்த்து, “எதையாவது வெச்சு இதை ஒரேயடியா அனுப்பிடறேன் பார்” என்று சொல்லிவிட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். ஆனால் அதே வாரம் அது தீனியை நிறுத்தியது. அவர் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. நுரை நுரையாக, மஞ்சளாக வாந்தி எடுத்தது. கட்டிலுக்கடியில் கிடந்த பழைய விரிப்பில் அது பெய்திருந்த மூத்திரம் பால் விடாத கட்டித் தேநீர் நிறத்தில் இருந்தது.

அக்கா அந்த விரிப்பைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“என்னடா வெச்சே?”

“நானா? அதைத் தொடவே மாட்டேன்க்கா நான்.”

“தொட்டுத்தான் வைக்கணுமா? உன் வாயாலதானே சொன்னே.” அவள் பெட்டியை இறக்கிப் புடவைகளை அள்ளிப் போட்டாள். “இது பிழைச்சாலும் நான் போறேன். செத்தாலும் போறேன். உன் வீட்டை நீயே கழுவிக்கிட்டு இரு.”

மிருக வைத்தியசாலைக்கு அவர்தான் போன் செய்தார். வாந்தியையும் மூத்திரத்தையும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் அழுதுகொண்டு பூனையைத் தூக்கவே, மற்றது அவர் தலையில் விழுந்தது. லென்ஸ் வருகிற டப்பாக்களில் இரண்டை எடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு, பழைய அட்டையால் வழித்து ஒன்றில் சேர்த்தார். விரிப்பைப் பிழிந்து மற்றதில் விட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்புதான் அவரால் தாங்க முடியாமல் போனது. ஆட்டோவில் போகும்போது டப்பாக்களைக் கையை நீட்டி, யாரோ பெற்ற பிள்ளையைப்போல் பிடித்துக்கொண்டே வந்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் சின்னப் பெண். கண்ணாடி முழுக்க விரல் ரேகை. அந்த நிலைமையிலும் அவருக்கு அதுதான் முதலில் தெரிந்தது. அவள் பூனையின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

“வெங்காயம், பூண்டு ஏதாவது சாப்பிட்டிச்சா?”

“அதெல்லாம் அது மோந்துகூடப் பார்க்காதும்மா. கறி மட்டும்தான்.”

“எந்தக் கறி?”

“நாங்க சாப்பிடற குழம்புலேருந்து எடுக்கிறதுதான். ஆனா கழுவித்தான் கொடுப்பேன். துளி காரம் இருக்காது.”

“காரம் இல்லம்மா பிரச்சினை. வெங்காயம், பூண்டோட சாறு கறிக்குள்ளேயே ஊறிடும். வேகவெச்சாலும் போகாது, கழுவினாலும் போகாது. நமக்கு ஒண்ணும் பண்ணாது. பூனையோட ரத்தத்தை உடைச்சிடும். மூத்திரம் இந்த நிறத்துல வர்றது அதனாலதான். தினமுமா கொடுத்தீங்க?”

அக்கா தலையசைத்தாள். “நல்லா அலசித்தாம்மா கொடுத்தேன். தம்பி டம்ளர் நிறையத் தண்ணி வெச்சு அலசுவேன். அதுதான் வாய் அகலம், கை உள்ளே போகும்.”

சோப்புக்குக் காதில் விழுந்தது வயிற்றுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வானவில் படலம். இத்தனை மாதம். தொட்டியில் தேடாத எலி இல்லை. எழுந்து மூலையிலிருந்த கைகழுவும் தொட்டிக்கு நடந்து போனார், கடைசி இரண்டு எட்டை ஓடினார். காலையில் தின்றது, நேற்றுத் தின்றது எல்லாம் வந்தது. நர்ஸ் பெண் திரும்பிப் பார்த்து, “இவரும் அதையேதான் சாப்பிட்டாரா?” என்றாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அக்கா சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

“சின்ன வயசுல காரம் காரம்னு அழுவேடா. உனக்கும் இப்படித்தான் டம்ளர்ல அலசி ஊட்டுவேன். உனக்கு ஒண்ணும் ஆகலியே.”

‘நானா வெச்சேன்?’ என்று கேட்க அதுதான் சமயம். கேட்டிருந்தால் ஜென்மத்துக்கும் அவள் தலை நிமிர்ந்திருக்காது. அவர் நாக்கு நுனிவரை வந்ததை, வாந்தியின் புளிப்போடு சேர்த்து விழுங்கினார்.

“நான் பூனை இல்லையேக்கா” என்றார்.

அவள் அழுகிற வாக்கிலேயே சிரித்துவிட்டாள். மூக்கிலிருந்து ஒழுகியது. அவர் வேறு பக்கம் பார்த்தார்.

வேறொரு பூனையின் ரத்தம் ஏற்றி, சலைன் போட்டு, சில நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்த கோழி கொஞ்சம் கொடுக்கலாம், எலும்பு கூடாது, மற்றபடி பூனைத் தீனிதான், பால்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். அதற்கென்று எதையும் சமைக்க அக்கா பயந்தாள். ஆகவே கோழியை அவரே வேகவைத்தார். ஈரத்துண்டை மூட்டைகட்டி வைத்ததுபோல் ஒரு நாற்றம். மூச்சை அடக்கிக்கொண்டு எலும்பிலிருந்து பிய்த்துப் போட்டார். அது தின்றுவிட்டு அவர் விரலை நக்கியது. சொரசொரவென்ற அந்த நாக்கு பட்டதும் உடம்பெல்லாம் கூசியது. நேரே போய்ச் சோப்புப் போட்டார்.

திரும்பி வந்து பார்த்தால் அக்காவின் பெட்டி பரண்மேல் ஏறியிருந்தது. மேசைமேல் புது டம்ளர் ஒன்று. பழையதை அவள் பூனைக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் புதியதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கழுவிட்டுத்தான்டா வெச்சேன்” என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

“தெரியும்க்கா” என்றார். சொல்லிவிட்டு, சத்தம் கேட்காதபடி குழாயை மெல்லத் திறந்து, இன்னொரு தடவை கழுவினார்.