தீவனத்தில் மருந்து

சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம் அது. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் விடிந்தால் ஷிப்ட் பஸ் ஏறிவிடுவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் என் ஓரகத்தியும், பேச்சுவார்த்தை இல்லாமல் ஆளுக்குக் கொஞ்சம் கோழி வளர்த்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று என் கோழிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டுச் செத்தன. யார் வேலை என்று யோசிக்கவே இல்லை நான். ஓரகத்திதான் மருந்து வைத்துவிட்டாள், ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். கையில் அத்தாட்சி வேண்டுமே. கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர், "தீவனத்துல மருந்து கீதான்னு திருப்பதி லேப்புல அளந்து சொல்றாங்கம்மா" என்றார்.

கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த தீவனத்தில் ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் போனால், லேப்பில் இருந்த தெலுங்குப் பெண் ஒரு கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தட்டு முழுக்கப் பனி படர்ந்த மாதிரி வெள்ளை. நடுவில் மட்டும் தெளிவாக ஒரு வட்டம். அதற்குள் மலையும் மேகமும் மிதந்தன. வந்த காரியம் மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் வட்டத்தின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, "மந்து உந்தம்மா, எக்குவே உந்தி" என்றாள். மருந்து இருக்கிறது, அதிகமாகவே இருக்கிறது.

"வெச்சவ கை வெளங்காது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாகலாபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, அது கிளம்பும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மொட்டைத் தலைகளும் சந்தன வாசனையும் நகர்ந்துகொண்டிருந்தன. கண்ணை மூடினாலும் அந்த வட்டம், திறந்தாலும் அந்த வட்டம். அதற்குள் என் ஓரகத்தி ஊர் நடுவே தலைகுனிந்து நிற்கிறாள். உள்ளதைச் சொன்னால், அது சுகமாகத்தான் இருந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். லேப் பெண். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். இந்தத் தடவை எங்கள் பக்கத்துத் தமிழிலேயே பேசினாள்.

"நீங்க சொன்னது எனக்கு அப்புறந்தான் வெளங்கிச்சி. மந்துன்னா வெஷம்னு நெனச்சிக்கினு போறீங்களா? இது கோழிக்கு சீக்கு வராம இருக்க, தீவனம் செய்றவங்களே கலக்கறதும்மா. அளவு ஜாஸ்தி, அவ்ளோதான். தட்டுல வெள்ளையா இருந்தது நாங்க வளத்த கிருமி, மருந்து பட்ட எடத்துல அது செத்துதான் அந்த வட்டம்."

"அப்போ என் கோழி?"

"டாக்டர்கிட்ட காட்டுங்க. யாரையும் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் விசில் ஊதவும் இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் கோழிகளும் செத்துக் கிடந்தன. "உன்னுதும் பூடுச்சாக்கா?" என்று அவள்தான் முதலில் பேசினாள். ஊரெல்லாம் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் என்று மறுநாள் கால்நடை டாக்டர் சொன்னார்.

நான் நினைத்தது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. "இன்னும் கொஞ்சம் துன்னுக்கா" என்று அவள் என் சோற்றில் குழம்பு ஊற்றும்போதெல்லாம், பேர்கூடக் கேட்காமல் நான் அனுப்பிவிட்ட அந்த லேப் பெண்ணை நினைத்துக்கொண்டு ஒரு வாய் கூடவே சாப்பிடுகிறேன்.